எவ்வளவு பூ?

‘அரிய நாட்டு மலர்களின் தேன்’ என்று அச்சிட்ட சின்னக் குப்பிகள் பதுளைப் பக்கத்துக்கும் வந்துவிட்டன. எல்லவுக்குப் போகிற சுற்றுலாக்காரர்களை நம்பித் திறந்த கடைகளில், சந்தனத் தூளுக்கும் கற்றாழைக் களிக்கும் நடுவில் அவை நிற்கின்றன. பரு அடங்கும், முகம் பொலியும், இருமல் அண்டாது, வயது தெரியாது என்று குப்பியைச் சுற்றிய தாள் சொல்கிறது. அது பொய்யா மெய்யா என்பது எனக்குப் பெரிய கவலையில்லை. அழகுக்காக விற்கிற எந்தச் சரக்கும் கொஞ்சம் கூட்டித்தான் பேசும். என்னை அரித்துக்கொண்டே இருப்பது அந்த அருமைதான். எங்கோ ஒன்றிரண்டாய்ப் பூக்கிற பூவைத் தேடித் தேனீ அலைவதில்லை. மொத்தமாய்ப் பூத்த இடத்தைக் கண்டுவந்தது அடையில் ஆடிக் காட்டுகிறது. வரவு நன்றாக இருந்தால் ஆட்டம் நீள்கிறது, அதைப் பார்த்துக் கிளம்புகிறவை பெருகுகின்றன. வரவு மெலிந்தால் ஆட்டமும் ஓய்ந்துவிடுகிறது. ஒருமுறை வெளியே போன தேனீ பெரும்பாலும் ஒரே சாதிப் பூவைத் தொட்டுக்கொண்டு திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் கூட்டில் இருப்பவை ஆயிரக்கணக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பூவுக்குப் போய்வந்தால் அடையில் சேர்வது கலவைதான். தேனிலுள்ள மகரந்தத்தை நுண்காட்டியில் எண்ணிப் பார்க்கிறவர்கள், 45 சதவீதத்துக்குக் குறையாமல் ஒரே பூவினுடையதாக இருந்தால் அந்தப் பூவின் பெயரைத் தேனுக்குக் கொடுக்கலாம் என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பூ மலைச்சரிவு முழுக்க, கண் போகிற தூரமெல்லாம் பூத்திருக்க வேண்டும். அரிய பூவின் தேன் என்று ஒன்று கிடைக்க வேண்டுமானால் அந்தப் பூ அரிதாக இருக்கக் கூடாது. இது விளங்கிய நாளிலிருந்து அந்தக் குப்பிகளை என்னால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் மிகுதியாக இருப்பது எது? நமுனுகுல மலையின் மடியிலிருந்து பதுளையை நோக்கி இறங்குகிற இந்தச் சரிவுகளில் தேயிலைதான் மிகுதி. ஆனால் தேயிலை பூக்கக் கூடாது என்பதுதான் தோட்டத்தின் மொத்த ஏற்பாடும். கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பதும், சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி இடுப்பளவுக்குக் கீழே கொண்டுவருவதும், செடி மரமாகிப் பூத்துக் காய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். ஆள் போகாமல் காடு மண்டிய மலைகளில் தேயிலை தன்னிஷ்டத்துக்கு உயர்ந்து, வெள்ளை இதழும் நடுவே மஞ்சள் தூளுமாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம், வாசமும் உண்டு. அந்தப் பூவாலும் தேனீக்கு முழு நன்மை இல்லை. தேயிலை பூக்கும் காலத்தில் கூட்டிலுள்ள புழுக்கள் அழுகிச் சாவதைச் சீனத்துத் தேனீ வளர்ப்போர் அறிவார்கள். பூந்தேனில் இருக்கிற சில சர்க்கரைகளைப் புழுவால் செரிக்க முடிவதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. தேயிலைக்கு அடுத்து மிகுதி, தோட்டத்தில் சவுக்கு என்று சொல்கிற கிரவிலியா. அது ஆஸ்திரேலிய மரம். அதற்கடுத்து யூகலிப்டஸ், அதுவும் ஆஸ்திரேலியாதான். ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்தது, உண்ணிச்செடி தென்னமெரிக்காவிலிருந்து. ஊவா மலைப்பக்கத்துத் தேனில் ஒரு நல்ல பங்கு யூகலிப்டஸிலிருந்து வருகிறது. அது பூக்கும் பருவத்தில் பண்டாரவளைப் பக்கம் பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள் உண்டு. இதில் நாட்டுக்குச் சொந்தமானது தேனீ ஒன்றுதான். மேற்கத்தியத் தேனீ இங்கே வளர்க்கப்படுவதில்லை. பெட்டியிலும் முட்டியிலும் குடியிருப்பது இந்த மண்ணின் சிறு தேனீ. அது வந்தேறிப் பூக்களைத் தின்றுதான் பிழைக்கிறது. பூ எந்தக் கண்டத்தது என்று அது கேட்பதில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் மனிதர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் எங்கள் பாட்டன் பூட்டனிடமும் அதைக் கேட்டார்கள்.

பண்டாரவளையை ஒட்டிய பிந்துனுவெவவில்தான் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்தி அலகு இருக்கிறது. பெட்டி செய்வதையும் கூட்டத்தைப் பிரிப்பதையும் பழக்குகிற இடம். அந்த ஊரின் பெயரைக் கேட்டவுடன் எங்களில் பலருக்கு 2000 ஒக்டோபர் 25 காலை நினைவுக்கு வரும். அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்ற காலை அது. ஒரு தேன் குப்பியில் அந்த ஊரின் பெயரை அச்சிட்டால், வாங்குகிறவருக்கு அது மலைக்காற்று, மூடுபனி, தூய்மை. இந்த நினைவுக்கும் தேனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் நேரான பதில் என்னிடம் இல்லை. ஊர்ப்பெயரைச் சுவையாக மாற்றி விற்கிற வித்தையை எங்கள் பக்கம் தேயிலையில் ஏற்கெனவே பழகிவிட்டது என்பதை மட்டும் சொல்லலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறுகிறது. நோவெண்ணெயில் மூக்கைத் துளைக்கிற அதே மெத்தைல் சாலிசிலேட் இலையில் கூடுவதுதான் அந்த மணம். அந்த மாதங்களில் இலை காற்றில் காய்கிறது. பறிக்கிறவர்களின் உதடும் காய்கிறது. வாங்கும் நாட்டில் இலையின் வாட்டத்துக்கு மட்டும் தனி விலை உண்டு.

உண்மையில் அருமை என்று சொல்லத்தக்க தேன் ஒன்று எங்கள் மலைக்கு மேலே இருக்கிறது. ஓஹியவிலிருந்து ஏறினால் வருகிற ஹோட்டன் சமவெளியில், மரங்களுக்கு அடியில் அடர்ந்து வளரும் நெலு. தமிழ்நாட்டுக் குறிஞ்சிக்கு உடன்பிறப்பு. பல ஆண்டுகள் இலையாக மட்டும் நின்று, ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாச் செடியும் சேர்ந்து பூத்து, விதை போட்டு, கூண்டோடு மடிந்துவிடும். 2013இல் பூத்தபோது அதைப் பார்க்கப் பஸ் பிடித்துப் போனவர்கள் பதுளையில் நிறையப் பேர். நுவரெலியாவில் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட நூலில் இந்தப் பூவையும் அதைத் தேடி வரும் தேனீக்களையும் பற்றி எழுதியிருக்கிறார். மூணாறிலும் 2006, 2018 குறிஞ்சிப் பூப்புகளில் தேன் பேச்சு எழுந்தது. குறிஞ்சிப் பூவின் தேனைக் குறுந்தொகை அறியும் என்பதால் அந்தப் பேச்சுக்கு ஈராயிரம் வருட வயது. நெலுவைப் பற்றி யோசிக்கும்போதுதான் என் முரண் கொஞ்சம் இளகுகிறது. அது காலத்தில்தான் அரிது. பூக்கிற அந்தப் பருவத்தில் காடு முழுக்க அது ஒன்றே பூ. கீழ்நாட்டுக்கும் மலைக்குமாகப் பருவம் பார்த்து இடம்பெயர்கிற மலைத்தேனீக்களுக்கு அந்த ஆண்டு பெருவிருந்து. எண்ணிக்கையில் அரிய பூவுக்கும், ஆண்டில் அரிய பூவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குப்பித் தாள் சொல்வதில்லை. சொன்னால் ‘இந்தத் தேன் பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறைதான்’ என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அலமாரியோ மாதாமாதம் நிரம்ப வேண்டும்.

இனி அந்தத் தாள் சொல்கிற பலன்கள். தேன் எந்தப் பூவினுடையதாக இருந்தாலும் அதற்குள் சில காரியங்கள் பொதுவாக நடக்கின்றன. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தண்ணீர், மிகுதி பெரும்பாலும் சர்க்கரை. இந்தச் செறிவில் கிருமி தாகத்தால் சாகிறது. தேன் புளிப்பானதும்கூட. தேனீ தன் வாயிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஒக்சிடேஸ் என்ற நொதி, தேன் கொஞ்சம் நீர்த்தவுடன் வேலையைத் தொடங்கி ஐதரசன் பரொட்சைட்டைச் சிறிது சிறிதாக விடுகிறது. புண்ணில் கசிகிற நீர்தான் அந்த நீர்ப்பு. 2015இல் வந்த கொக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, ஆழமில்லாத தீப்புண்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேன் கட்டில் நாலைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்று கண்டது. காலில் வரும் நாளப் புண்களுக்கு அப்படி ஒரு பலன் தெரியவில்லை. முகத்துக்கு வந்தால் கதை இன்னும் மெலிகிறது. நியூசிலாந்தின் கானுகா தேனை வைத்துச் செய்த சோதனைகளில், 2015இல் முகச்சிவப்பு நோய்க்குப் பலன் தெரிந்தது. 2016இல் பருவுக்கு, கிருமிநாசினிச் சவர்க்காரத்தோடு தேனும் சேர்த்துப் பூசியதால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் தோல் சற்று மிருதுவாகும். அவ்வளவுதான் நிச்சயம். இந்தப் பலன்களில் பெரும்பாலானவை பூவின் அருமையிலிருந்து வருபவையல்ல. தேனீயின் வாயிலிருந்தும் சிறகு வீசி நீரை வற்றவைத்த உழைப்பிலிருந்தும் வருபவை. இன்னொன்றும் உண்டு. அந்த நொதி சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஆகாது. எல்ல வீதியில் கண்ணாடிப் போத்தலை வெயிலில் வரிசையாக அடுக்கி, பொன்போலத் தெரியட்டும் என்று சூரியனுக்கு நேரே வைத்திருப்பார்கள். மருந்து என்று எதை விற்கிறார்களோ அதைக் காலையிலிருந்து மாலைவரை வெயில் கொன்றுகொண்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தின் மங்கலான அறையில், அடுப்புக்குத் தூரமாய்ச் சட்டத்தில் தொங்கும் பழைய சாராயப் போத்தலில் நொதி உயிரோடு இருக்கிறது.

லயத்தில் தேன் வாங்குவது முகத்துக்கல்ல. நாட்டிலிருந்து, அதாவது தோட்டத்துக்குக் கீழேயுள்ள சிங்களக் கிராமத்திலிருந்து, யாராவது ஒரு போத்தல் கொண்டுவருவார்கள். மல்லித்தண்ணிக்கும் துளசிச் சாறுக்கும் துணையாக ஒரு தேக்கரண்டி. விறகடுப்பில் கை சுட்டுக்கொண்ட பிள்ளைக்கு மேலே ஒரு பூச்சு. முதலாவதை இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டிகளே இருமலுக்கு ஒத்துக்கொள்கின்றன; இரண்டாவதற்கு மேலே சொன்ன ஆய்வு இருக்கிறது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் பழக்கம் மட்டும் நல்லதல்ல; ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரும் வாய்ப்பு உண்டு, அதை டிஸ்பென்சரியில் அம்மாமார்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். தோல் என்று பார்த்தால், கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த விரல்களைத்தான் பார்க்க வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேருகிற ஓரத்தில் கறை படிந்து, பிறகு வெடித்து, வெடிப்புக்குள்ளும் கறை ஏறி, கோடு கோடாய்க் கறுப்பு நிற்கும். பெரியம்மாவிடம் குப்பித் தாளை வாசித்துக் காட்டினேன். “இத பூசினா கை வெளுக்கும்னு போட்டிருக்கா?” என்று கேட்டார். முகத்துக்குத்தான் போட்டிருக்கு என்றேன். “அப்ப அது மலைக்குப் போகாதவங்களுக்குத்தான். எங்களுக்குத் தேசிக்கா போட்டுத் தேச்சாலே போவல” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

தேனீயைப் பற்றி அவரிடம் பேசினால் தேனைப் பற்றிப் பேச்சு வராது. கொட்டு வாங்கியதுதான் வரும். ‘குளவி கொட்டி இத்தனை தொழிலாளர் வைத்தியசாலையில்’ என்று மலையகச் செய்தியில் அடிக்கடி வருகிறதே, அதில் பலவேளை கொட்டுவது மலைத்தேனீதான். உயர்ந்த யூகலிப்டஸின் கிளையில் முறம் அகலத்துக்கு அடை தொங்கும். தேன்பருந்து வந்து அதைக் கொத்திக் கலைக்கும். கீழே கொழுந்து நிரையில் நிற்கிறவர்கள்மேல் அந்தக் கோபம் இறங்கும். கூடையைப் போட்டுவிட்டு, படங்கைத் தலையில் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். சரிவில் ஓடுகிறபோது தேயிலைக் கட்டை காலில் குத்தும். வயதானவர்கள் இறந்துபோனதும் உண்டு. ‘காட்டுத்தேன்’ என்று கூடுதல் விலைக்குப் போவது இந்தத் தேனீயின் தேன்தான். அந்தத் தேனின் செலவுக் கணக்கில் இந்தக் கொட்டுகளும் சேரும் என்று எந்தத் தாளும் எழுதாது. எழுதச் சொல்லி நானும் கேட்க மாட்டேன். பயந்து யார் வாங்குவார்கள்?

கலப்படம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நாய் நக்காது, தாளில் ஊறாது, திரியில் எரியும், தண்ணீரில் கரையாது என்று ஆளுக்கொரு சோதனை. ஒன்றும் நம்பத்தக்கதில்லை. ஆய்வுகூடத்தில் நம்பத்தக்க சோதனை ஒன்று இருக்கிறது: கரும்பும் சோளமும் காபனைச் சேர்க்கிற வழி வேறு, பெரும்பாலான தேன்பூச் செடிகளின் வழி வேறு, காபனின் இரு வகைகளின் விகிதம் பார்த்தால் கரும்புச் சீனி கலந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். இதில் எங்கள் மாகாணத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. நாட்டின் பேர்பெற்ற தேன் வருகிற மொனராகலை மாவட்டத்தில்தான் பெல்வத்தை, செவனகல சீனித் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. தேனும் தேனைக் கெடுப்பதும் ஒரே வெயிலில் விளைகின்றன. ஆனால் கித்துள் பனை, கரும்பின் வழியில் காபன் சேர்ப்பதில்லை. கித்துள் பாணியைக் கலந்தால் அந்தச் சோதனையின் கண்ணுக்குப் படாது. சோதனைக்குத் தப்புகிற கலப்படமும் ஓர் உள்ளூர்ப் பொருள்தான், அதுவும் நல்ல பொருள்தான். கித்துள் பாணி என்று பெயர் சொல்லியே விற்றால் நான் விரும்பி வாங்குவேன்.

அந்த மொனராகலைத் தேனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பிபிலைக்கு அப்பால் நில்கலைக் காடு. ஈரக்காடு அல்ல, ஆளுயரப் புல்லுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் இடைவெளி விட்டு நிற்கிற மேட்டுநிலம். திரிபலா சூரணத்தின் மூன்று மரமும் ஒரே பார்வையில் தெரியும். அங்கே நாட்டுப் பூ என்றால் நிஜமாகவே நாட்டுப் பூ, அதுவும் மிகுதியாக. அந்தப் பக்கத்து வேடர்களும், பதுளை மாவட்டத்து வடக்கு ஓரமான தம்பானை வேடர்களும் தேன் எடுப்பதில் பெயர்போனவர்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானை மக்களின் வேட்டைக்காடும் தேன்காடும் சட்டத்துக்குள் போயின. தலைவர் ஊருவரிகே திசாஹாமி இடம்விட்டுப் போக மறுத்துத் தம்பானையிலேயே இருந்தார். பூவைக் காக்கிற சட்டம் பூவை அறிந்தவர்களை வெளியே நிறுத்தியது. இதைக் குறை சொல்ல எனக்குப் பாதி மனம்தான் வருகிறது. அந்தச் சட்டம் இல்லாமல் அந்தக் காடு சோளக் கொல்லையாகி இருக்கும் என்பதையும் நம்புகிறேன்.

நியூசிலாந்தின் மானுகா கதை என் வாதத்தைப் பாதி உடைக்கிறது. அந்தப் புதர் அங்கே பண்ணைக்காரர்களுக்குக் களை. எரித்தும் வெட்டியும் மேய்ச்சல் நிலமாக்கினார்கள். 1980களில் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் அதன் தேன் கிருமியைக் கொல்லும் தனித்தன்மையைக் காட்டினார். 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் அதற்குக் காரணம் மெத்தைல்கிளயொக்சால் என்று கண்டார்கள். இங்கே பூவின் தனித்தன்மை மெய்யாகவே வேலை செய்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். விலை ஏறியது; களையென்று எரித்ததை நாற்று வாங்கி நட ஆரம்பித்தார்கள். போலி பெருகவே, நாலு இரசாயனமும் ஒரு மரபணு அடையாளமும் இருந்தால்தான் மானுகா என்று ஏற்றுமதிக்கு 2018இல் அரசே வரையறை கொண்டுவந்தது. ஆக, அருமை என்று விற்றதால் பூ பெருகியது. ஆனால் ஒரு செடிக்கு உலகச் சந்தையில் விலை கண்டு, அந்தச் செடியை மலை மலையாக நட்டால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. வாசலில் நின்று பார்த்தால் போதும். கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் இந்தச் சரிவுகளுக்கு நடந்தது அதுதான். நெலுவை அப்படிச் செய்ய முடியாது: பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து ஒரே அறுவடையோடு செத்துப்போகிற பயிருக்கு எந்தக் கம்பனியும் காணி குத்தகைக்கு எடுக்காது, அது நிற்கிற இடமும் 1988 முதல் தேசிய பூங்கா. நில்கலையின் கடுக்காயும் தான்றியும் வேறு. அவற்றுக்கு எதிரி ஆண்டுதோறும் கோடையில் புல்லுக்கு வைக்கிற தீ. தேனுக்கு நல்ல விலை கிடைத்தால் தீக்குச்சி கிழிக்கிற கை ஒருவேளை நிற்கும். கரும்புக்கு அதைவிட நல்ல விலை கிடைத்தால் நிற்காது.

தோலுக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது: சுட்ட புண்ணுக்கு ஆம், பருவுக்கு இல்லை, பெரியம்மாவின் விரலுக்கு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. குப்பியிடம் நான் கேட்க விரும்புவது வேறு. பூவின் பெயர் வேண்டாம், அளவைச் சொல்லட்டும். எத்தனை ஏக்கரில் அந்த மரம் நின்றது, அந்த வருடம் தீ விழுந்ததா, அடையில் தேனீக்கு எவ்வளவு விட்டுவைத்தார்கள், மரமேறியவருக்கு என்ன கொடுத்தார்கள். சிறு தேனீ பசி வந்தால் காத்திருக்காது, கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். விட்டுவைத்த அளவை மறைத்து ரொம்ப நாள் வியாபாரம் செய்ய முடியாது. இதையெல்லாம் அச்சிட ஓர் அங்குலத் தாள் போதும். அச்சிட்டால் விலை ஏறுமா, இறங்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.